கரித்துண்டுக்கு ஒரு நட்சத்திரம்

இணையத்தில் கடை திறந்த முதல் மாதமே எனக்கு ஓர் ஒற்றை நட்சத்திரம் கிடைத்தது. காரணம், கருவாடு மணக்கிறதாம். அந்த வரியை மூன்று தடவை வாசித்தேன். காசு கொடுத்துக் கருவாடு வாங்கிய ஒரு மனுஷி, கருவாட்டில் கருவாட்டு மணம் வருகிறது என்று ஊரறிய முறைப்பாடு எழுதியிருந்தாள். அடுத்த மாதம் ஒருவர், பார்சல் கொண்டுவந்தவர் கேற்றைத் தட்டிய விதம் பிடிக்கவில்லை என்று எனக்கு இரண்டு நட்சத்திரம் போட்டார். இன்னொருவர் போத்தலில் இருந்த சம்பல் முழுவதையும் வழித்துத் தின்றுவிட்டு, வெறும் போத்தலைப் படம் பிடித்துப் போட்டு, அளவு போதாது என்று எழுதினார்.

நான் வாயை மூடிக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. பெரியகல்லாற்றில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என்னிடம் மீன் விற்க வருகிறவர் தராசைச் சரிபார்த்துவிட்டுத்தான் எங்கள் ஒழுங்கைக்குள் சைக்கிளைத் திருப்புவார். ஆனால் அந்தச் செயலியில் சட்டம் வேறு. வாங்குகிறவர் வாயில் வந்ததையெல்லாம் எழுதலாம். விற்கிறவர் மட்டும் ‘தங்கள் மேலான கருத்துக்கு நன்றி’ என்று எழுத வேண்டும். அதை எழுதும்போதெல்லாம் எனக்குப் பல் கூசும். இருந்தாலும் எழுதினேன். அந்தக் கடை நிலைத்தால்தான் என் வீட்டுக்காரர் வீட்டில் நிற்பார்.

அவர் பதினொரு வருஷம் கட்டாரில் இருந்தவர். ஒரு பெரிய களஞ்சியசாலையில் பெட்டி கட்டுகிற வேலை. மகள் நடை பழகியது, பள்ளிக்கூடம் போனது, பெரியபிள்ளையானது எல்லாம் அவருக்குப் போனில் கேட்ட செய்திகள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். பிள்ளை அவரோடு ஒட்டத் தொடங்குகிற நேரம் பார்த்துத் திரும்பிப் போவார். விமான நிலையத்திலிருந்து திரும்பி வருகிற வழியெல்லாம் நான் அழமாட்டேன், யாரையாவது ஏசிக்கொண்டு வருவேன். வான் ஓட்டுகிறவர்தான் பாவம்.

கடைசியாக அவர் லீவில் வந்தபோது நான் கடை தொடங்கி நாலு மாதம். நான் கட்டிவைத்திருந்த பெட்டிகளைப் பார்த்து மனுஷனுக்குத் தாங்கவில்லை. “இது பெட்டியா, சோத்துப் பார்சலா?” என்று கேட்டு என் கையிலிருந்த டேப்பைப் பறித்தார். அன்றிலிருந்து பெட்டி கட்டுவது அவர் வேலையாயிற்று. நாலு போத்தலை ஒரு பெட்டிக்குள் வைத்துக் கட்டி, வாசற்படியில் நின்று முற்றத்துக்கு எறிந்து காட்டுவார். ஒன்றும் உடையாது. லீவு முடிந்தது, அவர் போகவில்லை.

“கொஞ்ச நாள் பாப்பம். கட நிண்டா நானும் நிக்கன். கட போனா நானும் போறன்” என்றார். சிரித்துக்கொண்டு சொன்னார் என்றாலும் அது சும்மா சொன்னது இல்லை என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் விற்பது கூனிச் சம்பல். கூனி என்பது வாவியில் பிடிக்கிற பொடி இறால். அதைக் காயவைத்து, வறுத்து, இடித்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் தேங்காய் எண்ணெயில் பொரித்துச் சேர்த்து, கடைசியில் தேசிக்காய் பிழிந்து இறக்குவேன். சோறுகூட வேண்டாம், ஒரு றாத்தல் பாண் இருந்தால் போத்தல் காலியாகிவிடும். கூடவே கொஞ்சம் கருவாடும் விற்போம்.

எங்கள் பக்கத்தில் பொரித்த மீனையோ இறாலையோ இறைச்சியையோ தனியே தெருவில் இறக்கமாட்டார்கள். மணத்துக்கு என்னென்னவோ பின்னால் வரும் என்பார்கள். அதனால் ஒரு கரித்துண்டோ இரும்போ கூட வைத்துத்தான் அனுப்புவார்கள். நான் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். பேய் உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் கரி வைக்காமல் பொரியலை அனுப்பு என்றால் எனக்குக் கை வராது. மூடியை இறுக்குவது, லேபல் ஒட்டுவது போல அதுவும் ஒரு வேலை. ஒவ்வொரு பெட்டியிலும் போத்தலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு சிரட்டைக்கரித் துண்டு போகும். முதல் ஏழெட்டு மாதம் கரடியனாறு, ஏறாவூர், கல்முனை, திருகோணமலை என்று போன பெட்டிகள் அத்தனையிலும் கரி போனது. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, அவர்கள் வீட்டிலும் அதுதானே வழக்கம்.

பிறகு கொழும்பிலிருந்து ஓடர் வந்தது. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்காரர் இரண்டு போத்தல் எடுத்தார். நாலாம் நாள் ஒற்றை நட்சத்திரம். ஒரு வெள்ளைப் பீங்கானில் என் கரித்துண்டை வைத்துப் படம் பிடித்துப் போட்டிருந்தார். ஒரு பக்கம் உடைந்து, ஆட்டுக்காது மாதிரி நீண்ட துண்டு. கீழே எழுதியிருந்தது: ‘உணவுப் பெட்டிக்குள் குப்பை. சுத்தம் என்றால் என்னவென்று தெரியாத கடை. யாரும் வாங்க வேண்டாம்.’

கூனியில் மணல் போகவேண்டும் என்று ஏழு தண்ணீரில் அலசுகிறவள் நான். எனக்குச் சுத்தம் தெரியாதாம். அன்றைக்கு நன்றி எழுத விரல் வரவில்லை. இப்படி எழுதினேன்: ‘ஐயா, பேய் அண்டாமல் இருக்கத்தான் கரி வைத்து அனுப்பினோம். பெட்டியைத் திறந்ததே அதுதான் என்று எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.’

அனுப்பிவிட்டு அரை மணித்தியாலம் பெருமையாக இருந்தேன். அதற்குப் பிறகு செயலிக்காரரிடமிருந்து எச்சரிக்கை வந்தது. வாடிக்கையாளரை அவமதித்தது முதல் குற்றம். உணவுப் பெட்டிக்குள் வேற்றுப் பொருள் இருந்தது இரண்டாவது குற்றம். அப்படிப் படம் போட்டு முறைப்பாடு செய்தால் வாங்கியவருக்குக் காசு கேள்வியில்லாமல் திரும்பிப் போய்விடும், சாமானும் அவரிடமே நிற்கும். இந்த விதியை நான் அன்று கவனமாக வாசிக்கவில்லை. கவனமாக வாசித்தவர் ஒருவர் கொழும்பில் இருந்தார்.

காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த ஒரு முஸ்லிம் அக்கா இருக்கிறார், ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அதே செயலியில் ஆண்கள் இடுப்பில் கட்டுகிற கைத்தறிச் சாரம் விற்கிறவர். அவருக்கு ஒருவர், ‘சாரம் நல்லது, ஆனால் நான் கட்டையான ஆள்’ என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார். அந்தத் துயரத்தில்தான் நாங்கள் சிநேகிதமானோம். அடுத்த நாள் பஸ் ஏறி அவரிடம் போனேன். தேத்தண்ணி தந்துவிட்டு, நான் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

“நல்லாத்தான் எழுதியிரிக்காய் புள்ள. ஆனா அவன்ட பக்கமும் ஞாயம் இரிக்கு. தெரியாத மனிசன் பெட்டியத் தொறந்து கரியக் கண்டா என்ன நினைப்பான்?”

“நாம எல்லாரும் வெக்கிறதுதானே ராத்தா.”

“எங்கட உம்மாவும் வெப்பாதான். மாடி ஊட்டுல இரிக்கிறவனுக்கு அது வெளங்குமா? கரிய நிப்பாட்டு. மறுகா, பெட்டி கட்டுறத்த ஒவ்வொண்டையும் வீடியோ எடுத்து வை. நாளைக்கி ஒருத்தன் உள்ளுக்குப் பல்லி இரிந்திச்செண்டு சொன்னாலும் காட்டுறத்துக்கு ஒரு சாட்சி வேணும்.”

அவன் பக்கம் ஞாயம் என்று அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. களுவாஞ்சிகுடி வரும்வரை பஸ்ஸில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் யோசித்துப் பார்க்கையில் சரி என்றுதான் பட்டது. நமக்குத் தெரிந்தது நாட்டுக்கே தெரியும் என்று நினைத்தது என் பிழை.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“இனிப் பெட்டிக்குள்ள கரி வெக்கக் கூடாது.”

“கொழும்புக்கு வெலிக்கந்தக் காடு தாண்டிப் போற சாமான்” என்றார் அவர்.

“லொறிக்காரன் கூடத்தானே போறான். அவன் பாத்துக்குவான்.”

“ம்” என்றார். அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

சீனி டின்னில் போனைச் சாய்த்துவைத்து வீடியோ எடுக்கத் தொடங்கினோம். அவர் மேசையில் பெட்டி கட்டுவார், நான் எதிரே இருந்து விலாசம் எழுதுவேன். இரண்டு கிழமை ஒரு குறையும் இல்லை. மூன்றாம் கிழமை ஒற்றை நட்சத்திரம். வெள்ளைப் பீங்கான், அதில் கரித்துண்டு. அதே கட்டடம், ஆனால் வேறு பெயர், ஐந்தாம் மாடி.

நான் குசினியிலிருந்து கையில் அகப்பையோடு வந்தேன்.

“கரி வெக்க வேணாமெண்டு நான் உங்களுக்குச் சொன்னனா இல்லியா?”

“நான் வெக்கல்ல.”

“அப்ப அது தானா நடந்து போய் உள்ளுக்க ஏறினதா?”

“கரி வெக்கல்ல புள்ள. சத்தியமா வெக்கல்ல.”

முகத்தைப் பார்த்தால் உண்மை சொல்கிற மாதிரியும் இருந்தது, எதையோ மறைக்கிற மாதிரியும் இருந்தது. வீடியோவைச் செயலிக்காரருக்கு அனுப்பினேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: ‘தங்கள் உணர்வுகளை நாம் புரிந்துகொள்கிறோம். எனினும் காணொளியின் இறுதிப் பகுதியில் பெட்டியின் உட்புறம் தெளிவாகத் தெரியவில்லை.’ என் உணர்வுகளை அவர்கள் உண்மையில் புரிந்துகொண்டிருந்தால் போனை வைத்துவிட்டு ஓடியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு பத்து நாளுக்குள் இன்னும் இரண்டு. ஒன்று ஏழாம் மாடி, மற்றது மறுபடி மூன்றாம் மாடி. இரண்டிலும் கரி. எங்களுடையது சிறிய கடை, ஒற்றை நட்சத்திரம் ஒவ்வொன்றும் ஒரு கல்லாக விழுந்தது. நாலரைக்கு மேல் இருந்த மதிப்பெண் நாலுக்குக் கீழே போனது. அன்று மத்தியானம் அறிவித்தல் வந்தது. மாத முடிவுக்குள் நாலைத் தொடாவிட்டால் கடை மூடப்படும்.

வீட்டுக்காரர் அதை இரண்டு தடவை வாசித்தார். சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே போனார். பின்னேரம் திரும்பி வந்து, அலுமாரியில் இருந்த கடவுச்சீட்டு இப்போது மட்டக்களப்பில் ஏஜென்சிக்காரரிடம் இருக்கிறது என்று சொன்னார். பழைய களஞ்சியசாலையிலேயே ஆள் எடுக்கிறார்களாம். தன்னை அவர்களுக்குத் தெரியுமாம். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் அன்றைக்குச் சத்தம் போடவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியிருக்க வேண்டும், சோறு போட்டுத் தா என்றுகூடக் கேட்காமல் தானே போட்டுச் சாப்பிட்டார். எனக்குக் கோபம் வந்தால் நான் நல்லாயிருப்பேன். அன்று வந்தது கோபம் இல்லை, பயம். இன்னொரு பதினொரு வருஷம் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். எனக்கு அது வேண்டாம். அந்த வீட்டில் அவர் இருமுகிற சத்தம்கூட எனக்கு வேண்டியிருந்தது.

மறுநாள் காலை மேசையில் குந்தி, அந்தக் கட்டடத்துக்குப் போன பெட்டிகளின் வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எடுப்பதில் இருந்த அக்கறை பார்ப்பதில் எனக்கு இருந்ததே இல்லை. போத்தலை வைக்கிறார், கடதாசி அடைக்கிறார், ஒரு மூடியை மடிக்கிறார். பிறகு ஒவ்வொரு முறையும் உடம்பை ஒரு பக்கமாகத் திருப்புகிறார். இரண்டு மூன்று விநாடிக்கு அவருடைய முதுகுதான் தெரிகிறது. உட்புறம் தெரியவில்லை என்று செயலிக்காரர் சொன்னது இதைத்தான். விரலால் படத்தைப் பெரிதாக்கி, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இடது கை சாரத்து மடிப்புக்குள் போகிறது. எதையோ எடுக்கிறது. மூடியின் உட்பக்கத்தில் வைத்து, மேலே ஒரு துண்டு டேப் ஒட்டுகிறது.

அவரைக் கூப்பிட்டு அந்த இடத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார்.

“ஆணி” என்றார்.

“என்ன?”

“ஒரு இஞ்ச் ஆணி. நீ கரி வேணாமெண்டுதானே சொன்னாய். இரும்பு வேணாமெண்டு சொல்லல்லியே. பொரிச்ச சாமான வெறுமன எப்பிடிப் புள்ள அனுப்புற?”

பதினொரு வருஷம் உலகத்துக்கே பெட்டி கட்டிய மனுஷன். ஏசுவதற்கு வாயைத் திறந்தேன், அப்படியே மூடிக்கொண்டேன். ஏனென்றால் அந்த நேரம்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அந்தக் கட்டடத்துக்குப் போன முதல் பெட்டியைத் தவிர வேறு எதிலும் கரி போகவில்லை. ஆணிதான் போயிருக்கிறது. அப்படியென்றால் படத்தில் இருக்கிற கரி எங்கிருந்து வந்தது? நாலு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நாலிலும் ஒரு பக்கம் உடைந்த, ஆட்டுக்காது மாதிரி நீண்ட துண்டு. நான் அனுப்பிய முதல் கரியைப் பத்திரமாக எடுத்துவைத்து, ஆள் மாற்றி ஆள் பெயரில் ஓடர் போட்டு, அதையே திரும்பத் திரும்பப் படம் பிடித்து, சம்பலை இலவசமாகத் தின்றுகொண்டிருக்கிறார்கள். என் கரித்துண்டு கொழும்பில் நடிக்கப் போயிருந்தது.

எனக்கு உயிர் வந்துவிட்டது. கோபமும் கூடவே வந்தது.

கரடியனாற்றில் எங்களிடம் மாதாமாதம் வாங்குகிற ஒரு ரீச்சரைப் போனில் கூப்பிட்டேன். கடைசியாக வந்த பெட்டி மூடியில் ஆணி இருந்ததா என்று கேட்டேன்.

“ஓம், இரிந்திச்சு. எடுத்துக் கலண்டர் கொழுவினன். ஏன், திருப்பித் தரோணுமா?”

“நீங்க ஏன் ரீச்சர் அதப் பத்தி ஒண்டும் கேக்கல்ல?”

“என்னத்தக் கேக்க? பொரிச்ச சாமான்தானே.”

செயலிக்காரரின் இலக்கத்துக்கு அன்று முழுவதும் போன் எடுத்தேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு குரல் என்னை வீடு முழுக்க நடக்கவைத்தது. ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ ஒரு மனுஷக் குரல் கேட்டது. இளம் பெண். பொறுமையாகக் கேட்டாள்.

“கரின்னா எல்லாம் ஒரே மாதிரித்தானே அக்கா இருக்கும்?” என்றாள்.

“உங்களுக்கு அப்பிடி இரிக்கும் தங்கச்சி. நான் அடுப்படியில பொறந்து வளர்ந்தவள். அது என்ட கரி.”

அவள் சிரித்துவிட்டாள். சிரிக்கிறவள் என்றால் கேட்பாள் என்று தெரிந்துகொண்டு, ஆணிக் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன். வீடியோக்களை அனுப்பச் சொன்னாள். அடுத்த நாள் காலை அவளே எடுத்தாள். குரல் மாறியிருந்தது.

“அக்கா, கடைசி முறைப்பாட்டுக்கு இன்னும் காசு போகல்ல. இப்ப நான் அந்த மூணாம் மாடிக்காரருக்கு எடுக்கப் போறேன். உங்களையும் அழைப்புல சேர்க்கிறேன், நீங்க கேட்டுட்டு மட்டும் இருக்கணும். ஒரு சத்தம் வந்தாலும் என் வேலைக்குத்தான் பிரச்சினை. முடியுமா?”

“ஏலும்” என்றேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை கொஞ்சமும் இல்லை. பெட்டி கட்டுகிற பழுப்பு டேப்பில் ஒரு சாண் வெட்டி என் முன்னால் நீட்டினார். பகிடிக்குத்தான் நீட்டினார். நான் அதை வாங்கி என் வாயில் குறுக்காக ஒட்டிக்கொண்டேன். எனக்கு என்னைத் தெரியும்.

மறுமுனையில் ஓர் ஆணின் குரல். படித்த, மரியாதையான குரல். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

“சார், காசு திருப்ப முன்னாடி ஒரு சின்ன விசாரிப்பு. பெட்டியை நீங்கதான் திறந்தீங்களா?”

“நானேதான் மிஸ். உள்ளுக்குக் கரி. பார்த்ததும் வயித்தக் குமட்டிப் போச்சு.”

“வேற ஏதாவது இருந்திச்சா?”

“வேற ஒண்டும் இல்ல. நான் முழுக்கப் பார்த்தன். மூடி, அடி, கடதாசி எல்லாம் எடுத்துப் பார்த்தன். போத்தலும் கரியும்தான்.”

“பெட்டி இப்ப இருக்கா?”

“இருக்கு மிஸ். ஆதாரத்துக்கு வெச்சிருக்கன்.”

“நல்லது சார். மேல் மூடியில உள்பக்கம் ஒரு டேப் இருக்கும். அதைக் கொஞ்சம் உரிச்சுப் பாருங்க.”

மட்டை அசைகிற சத்தம். டேப் உரிகிற சத்தம். டேப்புக்குப் பின்னால் என் வாய் என்ன பாடுபட்டது என்று எனக்குத்தான் தெரியும். வீட்டுக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இதில ஆணி ஒண்டு இருக்கு” என்றார் கொழும்புக்காரர். அடுத்த நொடி குரல் தெம்பானது. “பார்த்தீங்களா மிஸ், சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள ஆணி. இதையும் சேர்த்து எழுதுங்க.”

அப்படியும் ஒரு பிறவி.

“எழுதுறேன் சார்” என்றாள் அந்தப் பெண். “அவங்க அந்த ஆணியை வைக்கிறது வீடியோவில இருக்கு. கை மறைச்ச நேரத்தில கரி வெச்சிருப்பாங்கன்னுதான் நாங்க இவ்வளவு நாளும் நினைச்சோம். அந்த நேரத்தில வெச்சது ஆணின்னு இப்ப நீங்களே சொல்லிட்டீங்க. அப்ப கரி எப்ப உள்ள வந்திச்சு? நாலு பேர் நாலு தடவை போட்ட படத்திலயும் ஒரே கரி, ஒரே பீங்கான். அதுக்கும் ஒரு பதில் சொல்லுங்க சார்.”

அழைப்பு துண்டிக்கப்பட்டது. அவர்தான் வைத்துவிட்டுப் போனார்.

“அக்கா, இப்ப பேசலாம்” என்றாள் அவள். டேப்பை ஒரே இழுவையில் பிய்த்தேன். எனக்கு மீசை இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். வலியில் முதலில் வந்த சொல்லை இங்கே எழுத முடியாது. அவள் கேட்டாள், ஆனால் எச்சரிக்கை அனுப்பவில்லை.

அந்தக் கட்டடத்தில் இருந்த மூன்று கணக்குகளும் மூடப்பட்டன. ஒற்றை நட்சத்திரங்களை எடுக்கும்போது அவள் கேட்டாள்:

“நாலையும் எடுக்கட்டுமா அக்கா?”

“மூண்ட எடுங்க. முதலாவத விடுங்க.”

“ஏன்?”

“அதுல கரி உண்மையா இரிந்திச்சு.”

அதைச் சொன்னது எனக்கே ஆச்சரியம். ஆனால் சொன்ன பிறகு நெஞ்சு நிமிர்ந்தது. எனக்குச் சேரவேண்டிய ஒன்றை வைத்துக்கொண்டு, சேராத மூன்றையும் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். கரியோ ஆணியோ எதுவும் இனிப் பெட்டிக்குள் வரக்கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொன்னாள். பேயைப் பற்றி நான் எழுதிய பதிலையும் அழிக்கச் சொன்னாள். அழித்தேன், மனமில்லாமல்தான். நான் எழுதியதிலேயே நல்ல வரி அது. அதற்குப் பதிலாக, பொரித்த உணவோடு கரி அனுப்புவது எங்கள் ஊர் வழக்கம், சொல்லாமல் அனுப்பியது எங்கள் பிழை, மன்னிக்கவும் என்று எழுதினேன். இந்த முறை பல் கூசவில்லை.

வீட்டுக்காரரோடு ஒரு நாள் முழுக்கப் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் பெட்டியின் வெளிப்பக்கம், அடியில், கரியால் ஒரு சின்னப் புள்ளி வைப்பது என்று தீர்மானமாயிற்று. அது ஒருவர் கண்ணிலும் படாது. வெலிக்கந்தைக்கு அது போதும் என்று அவர் ஒப்புக்கொண்டார்.

மதிப்பெண் நாலரைக்குத் திரும்பி வந்த அன்று நான் ராத்தாவுக்கு எடுத்துச் சொன்னேன். அவர் விற்பவர்கள் குழுவில் போட்டுவிட்டார். அடுத்த மூன்று நாள் எனக்குப் பேச நேரமில்லை. கேக் செய்கிறவர், பாத்திரம் விற்கிறவர், பிள்ளைச் சட்டை தைக்கிறவர் என்று யார் யாரோ எடுத்தார்கள். இரண்டு பேருக்கு அதே கட்டடத்திலிருந்து கதை இருந்தது. ஒருவருக்கு முடி, ஒருவருக்குக் கூட்டுமாறு ஈர்க்கு. வீடியோவைப் பார்த்து, படத்தைப் பெரிதாக்கி, அந்தப் பெண்ணின் இலக்கத்துக்கு எடுத்து அவர்களும் தங்கள் நட்சத்திரங்களை மீட்டார்கள். ராத்தா என்னை இப்போது ‘லோயர்’ என்றுதான் கூப்பிடுகிறார்.

ஆனால் வீட்டுக்காரர் ஏஜென்சியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. கடவுச்சீட்டு இன்னும் அங்கேதான் இருந்தது. நானும் கேட்கவில்லை. கேட்டு, அவர் போகிறேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? எவனோடும் சண்டைக்குப் போகிற எனக்கு அந்த ஒரு கேள்விக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மேசையில் பெட்டிகள் குவிந்து கிடந்தன. அவர் கட்டிக்கொண்டிருந்தார், நான் விலாசம் எழுதிக்கொண்டிருந்தேன். அன்று விடிய வந்த ஐந்து நட்சத்திரம் ஒன்றை அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். வவுனியாவிலிருந்து ஒருவர் எழுதியது. சம்பலைப் பற்றி ஒரு வரிதான். மீதி முழுக்கப் பெட்டியைப் பற்றி. இவ்வளவு அழகாகக் கட்டிய பெட்டியைத் தான் பார்த்ததில்லை, பிரிக்க மனம் வரவில்லை, கட்டியவருக்குத்தான் இந்த ஐந்தும் என்று எழுதியிருந்தார். வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு டேப்பை இழுத்துக்கொண்டிருந்தார்.

அப்போது போன் அடித்தது. ஏஜென்சிக்காரர். கையில் பெட்டி இருந்ததால் அவர் ஒலிபெருக்கியில் போட்டார்.

“என்ன அண்ணன், மெடிக்கலுக்குத் திகதி போட்டாச்சு. வாறதானே?”

என் பேனை விலாசத்தின் நடுவில் நின்றது.

“இல்ல தம்பி, நான் வரல்ல” என்றார் அவர். “நாளைக்கி வந்து பாஸ்போட்ட எடுக்கன்.”

“என்ன அண்ணன் இப்பிடிச் சொல்லுறீங்க? பழைய கொம்பனி, தெரிஞ்ச இடம். உங்கட வேலைய அவனுகளுக்கு நல்லாத் தெரியுமே.”

“தெரியும்” என்றார். பெட்டியின் ஓரத்தை நகத்தால் நீவி, டேப்பை அழுத்தினார். “அங்க பதினொரு வருசம் பெட்டி கட்டினன் தம்பி. ஒருத்தனும் எனக்கு ஒரு ஸ்டாரும் தரல்ல.”

போனை வைத்துவிட்டு அடுத்த பெட்டியை இழுத்தார். எனக்குச் சந்தோஷத்தில் ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்த வேண்டும் போல இருந்தது. கூரியர் வான் வர இன்னும் அரை மணித்தியாலம்தான் இருந்தது, பதினேழு பெட்டி மிச்சம். குனிந்து விலாசம் எழுதினேன்.